மழை ஜாக்கெட், ஃப்ளீஸ்: பிராண்டைப் பார்ப்பதா, தையலைப் பார்ப்பதா?

ஈரக்கால் (கேள்வி)

வணக்கம். மலையேற்றம் எனக்குப் புதிதல்ல. ஆனால் உடுப்பு விஷயத்தில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட நிலைதான்.

இப்போது என்னிடம் இருக்கும் மழை ஜாக்கெட் பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு. வெளியே பார்த்தால் இன்னும் புதுசு. உள்ளே தோள்பட்டையிலும் கழுத்துப் பக்கமும் வெள்ளைச் செதில் செதிலாக உரிகிறது. தொட்டால் பிசுபிசுக்கிறது, ஒரு புளித்த வாடை வேறு. பையின் பட்டை அழுத்தும் இடத்தில் தண்ணீர் நேராக உள்ளே வருகிறது. "நல்ல பிராண்டாகப் பார்த்து வாங்கு" என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டு வாங்கியது இது.

அடுத்ததைத் தேடலாம் என்று உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. ஒருவர் 10,000 மி.மீ. என்கிறார், மற்றவர் 20,000 மி.மீ. என்கிறார். 2.5 அடுக்கு, 3 அடுக்கு என்று ஒரு கணக்கு. கோர்-டெக்ஸ் என்ற நீர் தடுக்கும் சவ்வு இல்லாவிட்டால் தொடவே தொடாதே என்று ஒரு கட்சி. விமர்சனக் காணொளிகளில் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே "அருமை" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த ஜாக்கெட் அடுத்த மழைக்காலத்தில் என்ன ஆனது என்று யாரும் சொல்வதில்லை.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? அதிகம் பேசப்படாத, ஆனால் நன்றாகச் செய்கிற நிறுவனங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு மழை ஜாக்கெட், குளிருக்கு மெத்தென்ற ஒரு ஃப்ளீஸ் மேல்சட்டை, முடிந்தால் இறகுப்பஞ்சு அடைத்த ஒரு டவுன் ஜாக்கெட். இவ்வளவுதான் தேவை.

கொடுமுடி

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? ஆர்க்டெரிக்ஸ், படகோனியா, மவுன்டன் எக்விப்மென்ட், ராப், நொர்ரோனா, மான்ட்பெல். இந்த ஆறில் எது உங்கள் உடம்புக்குச் சரியாக உட்காருகிறதோ அதை எடுங்கள். கோர்-டெக்ஸ் லேபிள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நான் அப்படித்தான் வாங்குகிறேன், இதுவரை குறை இல்லை.

ஊசிநூல்

ஈரக்கால், மலையேறுகிறவர்களின் உடுப்பைப் பழுது பார்ப்பது என் தொழில். கடையில் தொங்கும்போது எல்லா ஜாக்கெட்டும் அழகுதான். கிழிந்த பிறகுதான் என்னிடம் வரும். அதனால் என் பார்வை கொஞ்சம் கோணலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொடுமுடி சொன்ன பெயர்களில் தப்பில்லை. ஆனால் அந்த ஆறும் என் மேசைக்கு வருகின்றன. ஒரே நிறுவனம் பனிச்சுவர் ஏறுகிறவருக்கும் ஜாக்கெட் செய்கிறது, பேருந்துக்குக் காத்திருக்கிறவருக்கும் செய்கிறது. இரண்டிலும் நெஞ்சில் ஒரே சின்னம். ஆகவே பிராண்டை எடைபோடாதீர்கள், கையில் இருக்கும் அந்த ஒரு உருப்படியை எடைபோடுங்கள்.

முதலில் உங்கள் பழைய ஜாக்கெட். அது அநேகமாக 2.5 அடுக்கு. வெளியே துணி, அதன் உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு, அதற்கும் மேலே மெல்லிய புள்ளி அச்சு. அந்த அச்சைத்தான் "அரை" அடுக்கு என்று கணக்கில் சேர்க்கிறார்கள். உங்கள் வியர்வையும் தோலின் எண்ணெயும் நேராகப் பூச்சின் மேலேயே படும். ஈரமும் சூடும் சேர்ந்தால் இந்த வகைப் பூச்சு மெல்ல மெல்லச் சிதையும். ஈரத்தோடு சுருட்டி அலமாரியில் வைத்தால் இன்னும் சீக்கிரம். பிசுபிசுப்பு, செதில், புளித்த வாடை மூன்றும் சேர்ந்து வந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். அதை ஒட்டவும் முடியாது, மேலே எதையாவது பூசி மீட்கவும் முடியாது. உத்தரவாதக் காலம் இருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஜிப் ரன்னர், கயிற்றுப் பூட்டு எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுங்கள்.

3 அடுக்கில் நீர் தடுக்கும் சவ்வு இரண்டு துணிகளுக்கு நடுவில் இருக்கும், தோல் அதைத் தொடாது. எடை கொஞ்சம் கூடும், விலையும் கூடும். ஆனால் கனமான பையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடப்பவராக இருந்தால் இதுதான். 2.5 அடுக்கு பையின் அடியில் கிடந்து, திடீர் மழைக்கு மட்டும் வெளியே வரும் ஜாக்கெட்டுக்குச் சரி.

அப்புறம் அந்த மில்லிமீட்டர் கணக்கு. 10,000 மி.மீ. என்றால் 10 மீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தத்தைத் துணி தாங்கியது என்று பொருள். சோதிப்பது புதுத் துணியின் ஒரு துண்டை. தையலை அல்ல, ஜிப்பை அல்ல, பல தடவை துவைத்த துணியையும் அல்ல. நின்றபடி மழையில் நனைய 10,000 தாராளம். பைப்பட்டை அழுத்தும் தோளுக்கும், ஈரப் பாறையில் உட்காரும் இடத்துக்கும் அதற்கு மேல் இருந்தால் நல்லது. அவ்வளவுதான் அந்த எண்ணின் பயன்.

வியர்வை ஆவி வெளியேறுவதற்கான எண் இன்னும் மோசம். சதுர மீட்டருக்கு, 24 மணி நேரத்துக்கு இத்தனை கிராம் என்று போடுவார்கள். சோதனையில் தண்ணீர்க் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்து அளப்பது ஒரு முறை, கவிழ்த்து வைத்து அளப்பது இன்னொரு முறை. ஒரே துணிக்கு இரண்டு முறையிலும் வெவ்வேறு எண் வரும். எந்த நிறுவனம் எந்த எண்ணை அச்சடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த முறையில் அளந்தது என்று எழுதாத எண்ணை வைத்து இரண்டு பிராண்டை ஒப்பிடாதீர்கள். "ரெட்" (RET) என்று ஒரு அளவு போட்டிருந்தால், ஆவி வெளியேறுவதைத் துணி எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டுவது அது, அதனால் தலைகீழ்: எண் குறையக் குறைய நல்லது.

இப்போது கடைக்குப் போவோம். ஜாக்கெட்டை உள்வெளியாகத் திருப்புங்கள். விற்பனையாளர் முறைத்தால் முறைக்கட்டும். தையல் ஓடும் இடமெல்லாம் மேலே ஒரு டேப் ஒட்டியிருக்கும். நேரான ஓட்டத்தில் எல்லோரும் ஒழுங்காகத்தான் ஒட்டுவார்கள், அங்கே பார்த்துப் பயனில்லை. தலைமூடி (ஹூட்), கழுத்து, தோள் மூன்றின் தையலும் சந்திக்கும் முடிச்சுக்கு வாருங்கள். அந்த இடத்தில் டேப்புக்கு மேல் டேப் ஏறும். நகத்தால் ஓரத்தை மெல்லத் தடவுங்கள். நகம் சிக்காமல் வழுக்கிப் போனால் நல்ல வேலை. ஓரம் நகத்தில் தட்டினால், அல்லது குமிழ் மாதிரி உப்பிய இடம் தெரிந்தால், முதலில் அங்கேதான் பிரியும். அக்குளிலும் இதே சோதனை. டேப் குறுகலாக இருந்தால் எடை குறையும், ஆனால் தைத்தவரின் கை துல்லியமாக இருக்க வேண்டும். தையல் கோடு டேப்பின் நடுவில் ஓடுகிறதா, ஓரத்துக்கு ஒதுங்கிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: குறிப்பில் "முக்கியத் தையல்களுக்கு மட்டும் டேப்" என்ற பொருளில் ஏதாவது எழுதியிருந்தால் அது முழு மழைக்கான உடுப்பு அல்ல.

அடுத்தது ஜிப். ரன்னரின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு எண் இருக்கும். 3 என்றால் மெல்லியது, 5 என்றால் நடுத்தரம். முன்பக்க முழு ஜிப்புக்கு 5 இருந்தால் எனக்கு நிம்மதி. எடை குறைக்கிறேன் என்று 3 போட்ட ஜாக்கெட், கையுறை போட்ட கையால் இழுத்து இழுத்துச் சீக்கிரம் என்னிடம் வந்துவிடும். ஒய்கேகே என்று பொறித்திருப்பது நல்ல அறிகுறி, 1934 முதல் இருக்கிற ஜப்பானிய ஜிப் நிறுவனம். ஆனால் அவர்களும் பல தரத்தில் செய்கிறார்கள், பெயர் மட்டும் போதாது. பல் பிரிந்து நிற்கிற ஜிப்பில் முக்கால்வாசி நேரம் குற்றம் பல்லில் இல்லை, ரன்னர் தேய்ந்து வாய் அகன்றிருக்கும். ரன்னரை மட்டும் மாற்றினால் போதும். அப்படி மாற்ற வழி வைத்துத் தைத்திருக்கிறார்களா, ஜிப்பின் இரண்டு முனையையும் பூட்டி மடித்துச் சவ்வோடு ஒட்டிவிட்டார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நீர் புகாத பளபளப்பு ஜிப் பார்க்க மிடுக்கு. அதன் மேல்பூச்சு மடிப்பில் வெடிக்கும். மேலே துணிமடல் போட்டு மூடிய சாதா ஜிப்தான் என் கட்சி. பழைய பாணி என்று கேலி செய்தாலும் பரவாயில்லை.

கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், இடுப்புப் பட்டி எவ்வளவு மேலே ஏறுகிறது? தலைமூடியைப் போட்டு இடமும் வலமும் திரும்புங்கள், கண் கூடவே வருகிறதா, துணியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்களா? இந்த இரண்டிலும் தோற்றால் சவ்வு எதுவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

கொடுமுடி

ஊசிநூல், ஒரு சந்தேகம். கோர்-டெக்ஸ் லேபிள் இருந்தால் அந்தத் தையல், டேப் எல்லாம் அவர்களே பார்த்துத்தானே அனுமதிக்கிறார்கள்? அப்படியானால் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில் என்ன தப்பு?

ஊசிநூல்

பாதி சரி. 1969-ல் பாப் கோர் பிடிஎஃப்இ என்ற ஃப்ளோரின் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்து நீட்டியதில் பிறந்த சவ்வு அது. நாம் பேசும் பிராண்டுகளுக்குக் கோர் நிறுவனம் துணியைத்தான் கொடுக்கிறது. தைக்கும் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து, மாதிரியையும் சோதிக்கிறது. ஆகவே டேப் வேலை அநேகமாக ஒழுங்காக இருக்கும். ஆனால் ஜிப், வெல்க்ரோ, கயிறு, பை, வெளித்துணியின் கனம் இதெல்லாம் பிராண்டின் முடிவு. மணிக்கட்டு வெல்க்ரோ உரிந்து தொங்கும் கோர்-டெக்ஸ் ஜாக்கெட்டுகளை நான் நிறையவே தைத்திருக்கிறேன். படகோனியா எச்2நோ என்று சொந்தமாக ஒரு தர அளவு வைத்து வேலை செய்கிறது, கோர்-டெக்ஸ் லேபிள் இல்லை என்பதற்காக அதை ஒதுக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. பிஎஃப்ஏஎஸ் என்கிற ஃப்ளோரின் ரசாயனங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவதால் கைவிடச் சொல்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் துணிகளில் தடை, கடுமழைக்கான உடுப்புக்கு மட்டும் 2028 வரை அவகாசம். கோர் நிறுவனமும் 2022 முதல் பாலிஎத்திலீன் அடிப்படையிலான புதுச் சவ்வைக் கொண்டுவந்துவிட்டது. வாங்குகிறவருக்கு இதில் என்ன? வெளித்துணியில் நீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதற்கு ஒரு பூச்சு இருக்குமே, அதிலும் ஃப்ளோரினை எடுத்துவிட்டார்கள். புதுப் பூச்சு தண்ணீரை நன்றாகவே தள்ளும், எண்ணெய்ப் பசையைத்தான் அவ்வளவாகத் தள்ளாது. கழுத்து அழுக்கும் சன்ஸ்கிரீனும் படிந்தால் அந்த இடம் நனைந்து ஊறும். "புது ஜாக்கெட் ஒழுகுகிறது" என்று என்னிடம் வருவதில் பல, வெறும் அழுக்கு. துவைத்தால் சரியாகிவிடும். துணி மென்மையாக்கி மட்டும் போடாதீர்கள். துவைத்து, நன்றாக அலசி, லேபிள் அனுமதித்தால் மிதமான சூட்டில் உலர்த்துங்கள், பூச்சு மறுபடி எழும்பும். துவைத்தால் கெட்டுவிடும் என்று வருடக்கணக்கில் துவைக்காமல் வைத்திருப்பவர்களை என்ன சொல்வது.

நிழல்காடு

மழை ஜாக்கெட்டுக்கு ஊசிநூல் சொன்னதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை. டவுன் பற்றி மட்டும் சொல்கிறேன், அங்கேதான் எண்ணைக் காட்டி நன்றாக ஏமாற்றுகிறார்கள்.

"800 ஃபில் பவர்" என்றால் ஒரு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 28 கிராம் இறகுப்பஞ்சு 800 கன அங்குலம் உப்பும் என்று அர்த்தம். அது பஞ்சின் தரம், ஜாக்கெட்டின் சூடு அல்ல. உள்ளே எத்தனை கிராம் பஞ்சு அடைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். 800 தரத்தில் 100 கிராம் போட்ட ஜாக்கெட்டை விட, 600 தரத்தில் 200 கிராம் போட்டது ஒன்றரை மடங்கு உப்பும். எடை கூடும், சூடும் கூடும். கிராம் எண்ணை எங்கேயும் போடாத நிறுவனத்திடம் நான் வாங்குவதில்லை. அமெரிக்க முறையில் அளந்ததா, ஐரோப்பிய முறையில் அளந்ததா என்றும் பாருங்கள். அதே பஞ்சு ஐரோப்பிய முறையில் கொஞ்சம் குறைந்த எண்ணைக் காட்டும்.

கடையில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். அறை அறையாகத் தைத்த இடங்களில் மூலைகள் காலியாகத் தெரிந்தால் வேண்டாம். தையல் வழியே இறகு ஒன்றிரண்டு எட்டிப் பார்ப்பது சகஜம், வெளியே பிடித்து இழுக்காதீர்கள், உள்பக்கமிருந்து துணியைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிடுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஊசிநூலோடு ஒத்துப்போக மாட்டேன். எல்லாவற்றையும் பழுது பார்க்க வசதியா என்றே பார்த்தால் கனமான உடுப்பைத்தான் சுமக்க வேண்டியிருக்கும். 3-ஆம் எண் ஜிப் உள்ள என் மெல்லிய ஜாக்கெட் இன்னும் நன்றாகவே ஓடுகிறது. மென்மையாகக் கையாளத் தெரிந்தால் போதும்.

ஊசிநூல்

மென்மையாகக் கையாளுகிறவர்கள் என்னிடம் வருவதில்லை, அதனால் உங்கள் பேச்சை நான் மறுக்க முடியாது.

ஈரக்கால்

அப்பாடா, இப்போதுதான் தலையும் வாலும் புரிகிறது. நேற்று ஒரு கடையில் நீங்கள் சொன்ன தோள்முடிச்சில் நகத்தை வைத்துப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்தில் தொங்கிய இரண்டில் விலை அதிகமானதில்தான் ஓரம் தட்டியது! ஃப்ளீஸுக்கும், நிறுவனங்களைத் தேடிப் பிடிப்பதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

ஊசிநூல்

ஃப்ளீஸ் சுலபம். உள்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். உடனே பஞ்சு உருண்டையாகத் திரண்டால் விட்டுவிடுங்கள். அப்புறம் துணி யாருடையது என்று பாருங்கள். போலார்டெக் போன்ற துணி நிறுவனங்கள் பல பிராண்டுகளுக்கும் துணி விற்கின்றன. பெரிய பெயரின் ஃப்ளீஸும் சின்னப் பெயரின் ஃப்ளீஸும் ஒரே வகைத் துணியில் இருக்கலாம். அங்கே நீங்கள் அதிகம் கொடுப்பது வெட்டுக்கும் தையலுக்கும் சின்னத்துக்கும். முதல் இரண்டுக்குக் கொடுக்கலாம்.

நிறுவனத்தைத் தேடுவதற்கு நான் போகும் வழி வேறு. அவர்களின் விளம்பரப் பக்கத்தைப் படிப்பதில்லை, பழுதுபார்ப்புப் பக்கத்தைப் படிப்பேன். ஜிப் மாற்றித் தருகிறார்களா, உதிரி பாகம் விற்கிறார்களா, கிழிசலைத் தைக்கச் சொல்லித் தருகிறார்களா? படகோனியா 2011-ல் "இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்" என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டது. அதை விற்பனைத் தந்திரம் என்று நீங்கள் சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் பழையதை வாங்கித் தைத்து மறுபடி விற்கும் ஏற்பாட்டை அவர்கள் உண்மையிலேயே நடத்துகிறார்கள். தன் உடுப்பு திரும்பி வருவதைப் பார்க்கிற நிறுவனத்துக்கு எங்கே பிரிகிறது என்று தெரியும்.

உத்தரவாதத்தில் "வாழ்நாள்" என்ற சொல்லைக் கண்டால் யாருடைய வாழ்நாள் என்று படியுங்கள். பல இடங்களில் அது பொருளின் வாழ்நாள், அதை முடிவு செய்வதும் அவர்களே. அதோடு விதிகள் மாறும். எல்.எல்.பீன் என்ற அமெரிக்க உடுப்பு நிறுவனம், எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம் என்றிருந்த தன் பழைய வாக்கை 2018-ல் ஒரு வருடமாகக் குறைத்தது. உரிமையாளரும் மாறுவார்கள்: நார்த் ஃபேஸ் 2000-ல் விஎஃப் கார்ப்பரேஷன் கைக்குப் போனது, ஆர்க்டெரிக்ஸின் தாய் நிறுவனத்தை 2019-ல் சீனாவின் அன்டா நிறுவனம் தலைமையிலான குழு வாங்கியது. மாறினாலே தரம் கெடும் என்று நான் சொல்லவில்லை. பத்து வருடம் முன்னால் வாங்கியவர் சொல்லும் புகழ்ச்சி இன்றைய உருப்படிக்குச் சான்று ஆகாது, அவ்வளவே.

சின்னப் பெயர்களைப் பிடிக்க, மலையில் வேலை செய்கிறவர்கள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வழிகாட்டிகள், மீட்புக் குழுவினர், பாதை சீர்செய்கிறவர்கள். இலவசமாக வந்த ஜாக்கெட் புதுசாக மின்னும். சொந்தக் காசில் வாங்கியது முழங்கையில் ஒட்டுப் போட்டிருக்கும். ஒட்டுப் போட்டவரிடம் போய்ப் பேசுங்கள். பயன்படுத்திய உடுப்பு விற்கும் இடங்களும் நல்ல பள்ளிக்கூடம். ஒரே மாடல் பத்து வருடப் பழசாகியும் நல்ல விலைக்குப் போகிறது என்றால் சும்மா போகாது. விமர்சனம் படித்தால் நட்சத்திரத்தை எண்ணாதீர்கள், வாங்கி ஒரு வருடம் தாண்டியவர்கள் எழுதியதை மட்டும் பிரித்தெடுத்துப் படியுங்கள். அதிலும் மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் நிதானமாக எழுதுவார்கள்.

நிழல்காடு

ராப் கூட அப்படித் தொடங்கியதுதான். 1981-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராப் கேரிங்டன் என்ற மலையேறி, வீட்டிலேயே உட்கார்ந்து ஸ்லீப்பிங் பேக் தைக்க ஆரம்பித்தார். இப்படிச் சின்னதாகத் தைத்து விற்கும் ஆட்கள் இப்போதும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கினால் காத்திருக்க வேண்டும், ஆனால் கை நீளம் உங்கள் கைக்கு இருக்கும்.

ஈரக்கால்

கடைசியாக ஒன்று, மழைக் கால்சட்டைக்கும் இதே கணக்குத்தானா?

ஊசிநூல்

துணிக்கு அதே கணக்கு, பார்க்கும் இடம்தான் வேறு. முழங்காலையும் உட்காரும் இடத்தையும் பாருங்கள், அங்கே துணி இரட்டிப்பாக இருந்தால் நல்லது. உள்கணுக்கால் பக்கம் ஒரு தடித்த பட்டை வேண்டும், நடக்கும்போது ஒரு பூட்ஸ் மற்றக் காலை உரசுவது அங்கேதான். பக்கவாட்டு ஜிப் குறைந்தது முழங்காலுக்கு மேல் வரை போகட்டும். பூட்ஸோடு கடையில் போட்டுக் கழற்றிப் பாருங்கள். கடையில் தடுமாறினால் மழையில் உங்களால் அதைப் போடவே முடியாது.